எந்த மாதம் என்று யாரும் தேடுவதில்லை

ஊட்டியில் நடுத்தரமான ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் நிற்பவன் நான். போனை எடுத்ததும் வருகிற முதல் கேள்வியை வைத்தே, அந்தப் பக்கம் பேசுகிறவர் நெட்டில் எதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிடலாம். "வேலி வியூ ரூம் எவ்ளோ?" என்பவர் படங்களோடு நின்றவர். "சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும் வரும்?" என்பவர் ரிவ்யூக்களைப் படித்தவர். "டிரைவர் படுக்க இடம் இருக்கா?" என்பவர் எதையும் தேடியிருக்க மாட்டார், முன்பே மலையேறிப் பட்டுத் தெரிந்துகொண்டவர்.

தேடாமல் வருகிறவர்கள் இப்போது குறைவு. ஆனால் எல்லாரும் ஊரைத் தேடுகிறார்களே தவிர, தாங்கள் வரப்போகிற மாதத்தைத் தேடுவதில்லை. கவுன்ட்டரில் நடக்கிற சண்டைகளில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

எங்கள் ஹோட்டல் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் மே மாதத்து வெயிலில் எடுத்தவை. நீல வானம், பூத்துக் குலுங்கும் தோட்டம். அதைப் பார்த்து ஜூலையில் வருகிறவருக்கு ஜன்னலுக்கு வெளியே மழையும் மூட்டமும்தான். ஜனவரியில் வருகிறவர் காலையில் புல்தரை முழுக்க உறைபனியைக் கண்டு குதூகலிப்பார். ராத்திரி கூடுதல் கம்பளிக்குப் போன் அடித்துக்கொண்டே இருப்பார். மழையும் மலை முழுக்க ஒரே மாதிரி பெய்வதில்லை. ஜூலை, ஆகஸ்டில் மேற்கே அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்தது 82 சென்டிமீட்டர். அந்த மாதங்களில் கிழக்கே கோத்தகிரியில் வெயில்கூட அடிக்கும். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வானிலை பார்க்கப் போனில் 'ஊட்டி' என்று போட்டதும் வரும் மேகப் படத்தில் இதெல்லாம் தெரியாது.

குறிஞ்சி பூத்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்பவர்களைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு வீடியோவில் மலையே நீலமாகக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிற வகை மூணாறில் பூத்தது 2018இல். அந்த வீடியோவுக்கு மாதம் பார்த்தால் போதாது, வருஷத்தையும் பார்க்க வேண்டும்.

மலை ரயில் விஷயமும் இப்படித்தான். வீடியோவில் புகை கக்கிக்கொண்டு நீராவி இன்ஜின் தள்ளும். டிக்கெட் கிடைக்கிறதே என்று ஊட்டியிலிருந்து குன்னூருக்குப் போட்டுவிட்டு வந்து, "புகையே இல்லையே சார்" என்பார்கள். அந்தப் பகுதியில் ஓடுவது டீசல் இன்ஜின். நீராவியும் பல்சக்கரத் தண்டவாளமும் மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதியில்தான். அதற்குக் காலை ஏழு மணிக்கெல்லாம் மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உட்காரவும் பொறுமை வேண்டும். மலையடிவாரத்துக் கல்லாறுக்கு மேலே மண் சரிந்தால் ரயில் ரத்து. அது பெரும்பாலும் நடப்பது அக்டோபர், நவம்பரில்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நவம்பரில் வருவதற்காகக் கூப்பிட்டார். ரூம் வாடகையை அவர் முதலில் கேட்கவில்லை. "தம்பி, போன வருஷம் நவம்பர்ல வந்தவங்க எழுதுனத மட்டும் பொறுக்கிப் படிச்சேன். ரெண்டு பேரு ரயில் ஓடலன்னு எழுதியிருக்காங்க. ஓடலன்னா மேட்டுப்பாளையத்துலருந்து பஸ்ஸு எத்தனை மணிக்குக் கெடைக்கும்? குன்னூர் ரோடும் அடைச்சிட்டா கோத்தகிரி வழியா வரலாம்லா?" என்றார். ரிவ்யூக்களைப் புதியது முதலில் வருகிற மாதிரி வரிசை மாற்றி, தேதி பார்த்துப் படித்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தை. சொன்ன மாதிரியே அவர் வந்த அன்றைக்கு ரயில் ரத்து. பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பை உதறிவிட்டு, "டீ இருக்கா தம்பி?" என்று கேட்டார். பல கெஸ்ட்டுகளிடம் இதே ரயில் ரத்துக்காக நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சட்டதிட்டங்களில் மட்டும் தேதி பார்க்காமல் படித்தால் ஆபத்து. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் எல்லையும் வைத்தது. இதற்கு முன்னால் எழுதப்பட்ட 'ஊட்டி போவது எப்படி' எல்லாம் அப்படியே நெட்டில் கிடக்கிறது. அதை நம்பிக் கிளம்பி, கல்லாறு செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு எங்களுக்குப் போன் போடுவார்கள். மேப் காட்டுகிற குறுக்கு வழியும் அப்படித்தான். மசினகுடிக்குக் கல்லட்டி ரோடு கூடலூர் வழியைவிடக் கிட்டம்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டி அந்த வழியாக இறங்கக் கூடாது. இரவு 9 மணிக்கு மேல் பந்திப்பூர் காட்டு ரோடும் காலை 6 வரை மூடல். ராத்திரியோடு மைசூர் போய்விடலாம் என்று செக்-அவுட் செய்தவர்கள் திரும்பி வந்து மறுபடி ரூம் கேட்டது உண்டு.

ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலைதான். ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் பெரும்பாலும் கோபமோ சந்தோஷமோ. நடுவில் மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் பார்க்கிங் சரிவாக இருக்கிறது, லிஃப்ட் இல்லை என்று உபயோகமாக எழுதுவார்கள். ஆனால் எங்களுக்குப் புக்கிங் கொண்டுவந்த ஒரு நட்சத்திரமும் உண்டு. ஆகஸ்டில் தங்கியவர், 'வியூ ரூம் என்று பணம் வாங்கினார்கள், மூன்று நாளும் மூடுபனி, எதிரே ஒன்றுமே தெரியவில்லை' என்று காய்ச்சியிருந்தார். மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன். அடுத்த வாரமே சென்னையிலிருந்து ஒரு போன். கல்யாணமாகிச் சில நாளே ஆனதாம். "அண்ணா, மூணு நாளும் மூடுபனின்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, அந்த ரூம் நம்பர் என்ன? அதே வேணும்."