வில்லிஸ் ஜீப்புக்குப் பெயின்ற்: இதுவரை நடந்தது

சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை, படுவான்கரையில் ஒரு வயற்காரரிடம் இருந்த ஜீப்பை மட்டக்களப்புக் கல்லடிக்கு இழுத்து வந்தேன். நெல்மூட்டை ஏற்றித் திரிந்த வண்டி, மேலே தடிப்பாக மஞ்சள் பெயின்ற். ஆனால் முன் கிரில்லில் ஒன்பது துளை இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பொதுமக்களுக்கு வந்த சீ.ஜே. வகைக்கு ஏழுதான். குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே பார்த்தேன். குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். அதே ஜீப்பைப் போர்ட் கம்பனி செய்ததாக இருந்தால் அந்த இடத்தில் கவிழ்த்த 'ப' வடிவச் சட்டம் இருக்கும். அப்போ இது 1941க்கும் 1945க்கும் இடையில் அமெரிக்க இராணுவத்துக்குச் செய்த வில்லிஸ் எம்.பி. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பழைய பெயின்ற்றை ஒரேயடியாக உரித்துவிடச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அந்தக் காலப் பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது. அதோடு, உரித்தால் பழைய நிறம் எது என்ற சாட்சியும் போய்விடும். டாஷ்போர்டின் உட்பக்கம், வெயில் படாத இடமாகப் பார்த்து, 400 இலக்க சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு மெதுவாகத் தேய்த்தேன். மஞ்சள் போனது, நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே சாம்பல். அதற்கும் கீழே, மண்ணா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு மங்கல் நிறம். ஒரு சொட்டு எண்ணெய் தடவினேன், ஒலிவ் நிறம் தெளிந்தது. அந்த வட்டத்தை இன்றைக்கும் மூடவில்லை.

நிறம் கலப்பதில்தான் பத்து நாள் போனது. முதல் கடையில் பச்சையில் தொடங்கிக் கறுப்பைக் கூட்டினார்கள். காய்ந்ததும் வாழையிலை போல் ஆகிவிட்டது. பிறகு காத்தான்குடியில் ஒரு நானாவிடம் போனேன். கழற்றிக் கொண்டுபோன தகரத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுக்குள்ள பச்சையே இல்ல. மஞ்சளும் கறுப்பும்தான்." காவி மஞ்சளை ஊற்றி, கறுப்பைக் குச்சி நுனியால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். டப்பா மூடியில் தடவிய இடம் என் கண்முன்னே ஒலிவ் ஆனது. அமெரிக்க இராணுவத்தின் ஒலிவ் நிறம் காவி மஞ்சளும் கறுப்பும் சேர்ந்து பிறந்ததுதான் என்று நான் படித்திருந்தேன். அவர் அதைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

இனி உப்பு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்களுக்கு எதிரி அதுதான். முதலில் பின்பக்கத் தகட்டை மட்டும் துருவெடுத்து, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, அடிப்பூச்சான பிரைமர் அடித்தேன். மூன்றாம் கிழமை தகடு முழுக்க வேர்க்குரு போட்டது போலச் சின்னச் சின்னக் கொப்புளம். எங்கள் கிணறு உவர். கண்ணுக்குத் தெரியாத உப்பு பிரைமருக்குக் கீழே இருந்து ஈரத்தை இழுத்திருக்கிறது. திரும்பவும் வெறுந்தகடு வரை எடுத்து, குழாய்த் தண்ணீரால் மூன்று தடவை கழுவி, உடனே துடைத்து, வெயிலில் வைத்தேன். துருவுக்குப் பொஸ்பரிக் அமிலம் பூசியவர்கள் அதையும் நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் எபொக்சி பிரைமர் பிடிக்காது.

இராணுவப் பெயின்ற்றுக்கு மினுக்கம் கிடையாது. மினுக்கமில்லாத பூச்சு ஈரத்தையும் தூசியையும் எளிதில் பிடித்துக்கொள்ளும். அதனால் தகட்டைக் காப்பாற்றும் வேலை முழுவதையும் பிரைமரின் தலையில்தான் வைக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் மேல்பூச்சுக்குத்தான் காசு செலவழிக்கிறார்கள். நான் இரண்டு பகுதி கலக்கும் எபொக்சியை இரண்டு கை அடித்தேன். மேல்பூச்சுக்கு நான்கு நாள் பிந்தியதால் எபொக்சி இறுகிவிட்டது; மேல்பூச்சு பிடிக்க முழுவதையும் திரும்ப 400இல் கீற வேண்டியதாயிற்று.

கச்சான் காற்றுக் காலத்தில் பின்னேரம் ஸ்பிரே கன்னைத் தொடவே முடியாது, தூசி வந்து ஒட்டும். விடியற்காலையில் தகட்டில் பனி. காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையான பனிபடுநிலையைவிடத் தகட்டின் வெப்பம் 3 பாகை செல்சியசாவது கூட இருக்க வேண்டும். ஆகவே காலை ஏழரைக்குப் பின்னும் ஒன்பதரைக்கு முன்னும்தான் எனக்கு நேரம்.

பொனட்டை அடித்தபோது இன்னொரு பிழை. பாதியில் பெயின்ற்றைக் கலக்காமல் விட்டுவிட்டேன். மினுக்கம் குறைக்கும் பசை அடியில் தங்கி, காய்ந்ததும் இடப்பக்கம் மங்கலாகவும் வலப்பக்கம் பளபளப்பாகவும் நின்றது. இதைப் பொலிஷ் போட்டுச் சரிப்படுத்த முடியாது. பொனட் முழுவதையும் திரும்ப அடித்தேன். இப்போ ஒவ்வொரு தடவை கன்னை நிரப்பும்போதும் டப்பாவை அடிவரை கிண்டுகிறேன்.

பக்கத்து வீட்டு மாமி வேலியருகே நின்று கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மகன் இந்த நிறம்?" என்றார். போரைக் கண்ட இந்த ஊரில் இராணுவ நிறத்தைப் பற்றிய அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அவரைக் கூட்டிவந்து டாஷ்போர்டுக்குக் கீழே அந்த வட்டத்தைக் காட்டினேன், எண்பது வருசத்துப் பழைய நிறம் என்று சொன்னேன். விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த நாள் காலை, வேலை நடக்கும்போது பிளேன்ரீ வந்தது.

பொனட்டுக்கு, அமெரிக்க இராணுவ அடையாளமான வெள்ளை நட்சத்திரத்தின் அச்சைத் தடித்த மட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன். வண்டிப் புத்தகத்தில் நிறத்தை மாற்றும் வேலையும் இருக்கிறது. ஐந்து சில்லில் மூன்று முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் மாரி மழைக்கு முன் முடிய வேண்டும்.