கையெழுத்து போடுகிறவரின் பொறுப்பு

தொழிற்சாலையில் விபத்துத் தடுப்பைப் பார்க்கும் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த காலத்தில் இயக்குநர்கள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது, "அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்" என்பதைத்தான். வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், தப்பில்லை. சட்டப் பொறுப்பு அதோடு சேர்ந்து கைமாறுவதில்லை.

போபாலுக்குப் பிறகு, 1987இல் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பெனி நடத்தும் ஆலை என்றால் இயக்குநர்களில் ஒருவர்தான் 'ஆக்குபையர்', அதாவது சட்டத்தின் கண்ணில் ஆலைக்குப் பொறுப்பாளி. மேனேஜர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2020இன் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதையே வைத்துக்கொண்டது. சுயாதீன இயக்குநர்களுக்கு மட்டும் விலக்கு. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் வருகிறது. கம்பெனி செய்த குற்றத்துக்கு இயக்குநர் சம்மதித்திருந்தாலோ, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலோ, அவருடைய அலட்சியம் காரணமாக இருந்தாலோ அவரும் குற்றவாளிதான்.

இதில் அலட்சியம்தான் வில்லங்கம். ஒரு பிரஸ் மெஷினில் கதவைத் திறந்தால் ஓட்டம் நிற்க வேண்டும். ஆபரேட்டர்கள் அப்படி நிறுத்தும் இன்டர்லாக் ஸ்விட்ச்மேல், கதவு மூடியிருப்பதாக அதை ஏமாற்ற, ஒரு காந்தத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கதவு திறந்தே கிடக்கும், மெஷின் ஓடும். அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தக் கதவு ஒவ்வொரு லோடுக்கும் மக்கர் பண்ணும். உற்பத்தி இலக்கோ குறையாது. கதவை மாற்றக் கேட்ட என் கோரிக்கைத் தாளில் 'அடுத்த காலாண்டில் பார்க்கலாம்' என்ற குறிப்பு, கீழே இயக்குநர் கையெழுத்து. நாளைக்கு ஒருவர் விரல் போனால் வழக்கில் முதலில் வைக்கப்படுவது அந்தத் தாள்தான். 'எனக்கு யாரும் சொல்லவில்லை' என்று அவர் வாயே திறக்க முடியாது. சொல்லாமலே விட்டிருந்தாலும், 'நீங்கள் ஏன் கேட்கவில்லை' என்ற கேள்வி வரும்.

போர்டு மீட்டிங்கிலோ பாதுகாப்பு எப்போதும் கடைசி அயிட்டம். 'விபத்து: பூஜ்யம்' என்று ஒரு ஸ்லைடு, அப்புறம் டீ. அந்தப் பூஜ்யத்தில் காந்தம் எங்கே தெரியும்?

ஒரு கட்டத்தில் ஸ்லைடை மாற்றினேன். நிலுவையில் உள்ள கோரிக்கைகள், கேட்ட தேதி, தள்ளிவைத்தவர் பெயர். அதன்பிறகு சில வேலைகளுக்குப் பணம் சீக்கிரமே வந்தது. அந்தப் பெயர் பத்தியை மட்டும் எடுத்துவிடலாமே என்று ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை மினிட்ஸில் பதிவு செய்தால் எடுத்துவிடுகிறேன் என்றேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.