ஃபார்மலினில் போன என் முதல் பயாப்சி

வாயில் பயாப்சி எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எடுத்த சதையை எந்தப் பாட்டிலில் போடப்போகிறார்கள் என்பதைத்தான். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இரண்டாவது முறை வாயைக் கிழித்துக்கொள்ள வேண்டி வந்திருக்காது.

என் கன்னத்தின் உட்புறமும் ஈறும் உரிந்து, செக்கச்செவேலென்று கிடந்தன. பல் துலக்கினால் ஈறிலிருந்து மெல்லிய சவ்வு வழன்று வரும். வைட்டமின் குறைபாடு என்று மாத்திரை கொடுத்தார்கள், பல் உரசுகிறது என்று பல்லைத் தேய்த்துவிட்டார்கள். இரண்டிலும் குறையவில்லை. அடிக்கடி வந்துபோகும் சின்ன வாய்ப்புண் பெரும்பாலும் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். காரணம், வாயின் உள்சவ்வு தோலைவிட வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அடியடுக்கில் பிறக்கும் செல்கள் மேலே ஏறிவந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வாரம் தாண்டியும் ஒரு புண் ஆறவில்லை என்றால், பயாப்சி வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். தயங்க வேண்டாம்.

பயாப்சி எடுப்பது பெரிய விஷயமே இல்லை. மரத்துப்போக ஊசி, ஒரு சின்னத் துண்டு, ஒரு தையல், முடிந்தது. துண்டை எங்கே எடுத்தார்கள், எதில் போட்டார்கள் என்பதில்தான் எல்லாம் கெட்டது. புண்ணின் நட்டநடுவில் எடுத்து, அப்படியே ஃபார்மலினில் (திசு அழுகாமல் பதப்படுத்தும் கரைசல்) போட்டு அனுப்பிவிட்டார்கள். வந்த ரிப்போர்ட்டில் 'குறிப்பிட்ட நோய் எதையும் காட்டாத புண்' என்று ஒரே ஒரு வரி. காத்திருந்ததெல்லாம் அந்த வரிக்காகவா என்று அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அடுத்துப் பார்த்த வாய்நோய் மருத்துவர் படம் வரைந்தே விளக்கினார். உள்சவ்வின் மேல்பகுதி பல அடுக்குத் தட்டை செல்களால் ஆனது. அதற்குக் கீழே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் இணைப்புத் திசு. இரண்டுக்கும் நடுவில் அடிச்சவ்வு. மேலடுக்கு செல்களை ஒன்றோடொன்று கோத்துவைத்திருப்பவை டெஸ்மோசோம்கள், சட்டையின் இரு பக்கத்தையும் பிடித்திருக்கும் அழுத்துப் பொத்தான்கள் மாதிரி. பெம்ஃபிகஸ் நோயில் உடலின் எதிர்ப்பொருள்களே அந்தப் பொத்தான்களில் உள்ள டெஸ்மோக்ளீன் 3 என்ற புரதத்தைத் தாக்கும். செல்கள் பிரிந்து கொப்புளம் கட்டும். பெம்ஃபிகாய்டு என்ற இன்னொரு நோயில் அடிச்சவ்வோடு இருக்கும் பிடிப்பே விட்டுப்போகும். வாயில் கொப்புளம் கட்டிய வேகத்தில் உடைந்துவிடுவதால் நம் கண்ணுக்குப் புண் மட்டும்தான் தெரியும்.

புண்ணின் நடுவில் மேலடுக்கே இருக்காது. அங்கே வெட்டி எடுத்தால் செல்கள் எங்கே பிரிந்தன என்று எப்படிப் பார்ப்பது? ஓரத்தில், நல்ல சவ்வும் சேர்ந்து வரும்படி எடுக்க வேண்டும். அதோடு, பக்கத்தில் புண்படாத சவ்விலிருந்து இன்னொரு துண்டு, திசுவில் படிந்த எதிர்ப்பொருள்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் பரிசோதனைக்கு. அது ஃபார்மலினில் விழவே கூடாது. மைக்கேல் திரவம் என்ற தனிக் கரைசலில் போக வேண்டும். ஃபார்மலின் பட்டால் எதிர்ப்பொருள்களைக் கண்டுபிடிப்பது கெட்டுவிடும்.

சரி, இம்முறை எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று, மறுபடி வெட்டி எடுத்த துண்டுகள் இருந்த இரண்டு பாட்டில்களோடு ஆய்வகத்துக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் "பயாப்சி எல்லாமே ஃபார்மலின்தான் சார்" என்று மூடியைத் திறக்கப் போய்விட்டார். கையை நீட்டித் தடுத்தேன். 'ஃபார்மலின் கூடாது' என்று மருத்துவரிடம் கேட்டு பாட்டில் மேலேயே எழுதி வாங்கியிருந்தேன். அதைக் காட்டிய பிறகுதான் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். அந்த ஒரு வரி எழுத்து என் பரிசோதனையைக் காப்பாற்றியது.

அப்புறம் இன்னொரு சிக்கல். சீட்டில் 'வாய்ப்புண்' என்று மட்டும் இருந்தது, வாயில் எந்த இடம் என்று இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலைச்சலில் எரிச்சலாக இருந்தாலும் இதில் அவர்கள் பக்கம்தான் நியாயம். ஈறும் மேல் அண்ணத்தின் முன்பகுதியும் மெல்லும்போது அடி வாங்கும் இடங்கள். அங்கே மேலே கெராட்டின் என்ற கடினமான புரதம் படிந்து, சவ்வு எலும்போடு இறுக ஒட்டியிருக்கும். கன்னமும் நாக்கின் கீழ்ப்புறமும் நீண்டு சுருங்க வேண்டியவை; அங்கே பொதுவாகக் கெராட்டின் கிடையாது. ஈறில் இயல்பாக இருப்பது கன்னத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டிய மாற்றம். இடம் தெரியாமல் நுண்ணோக்கியில் பார்ப்பவர் எதை வைத்து முடிவு சொல்வார்? ஆகவே இடம், எத்தனை நாளாக இருக்கிறது, என்ன மருந்து போடுகிறீர்கள் எல்லாம் சீட்டில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

முடிவு தெளிவாக வந்தது: செல்களுக்கு இடையே வலைபோல ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் படிந்திருக்கிறது, பெம்ஃபிகஸ் வல்காரிஸ். சின்ன நோயில்லை, தெரியும். ஆனால் இது பலருக்கும் முதலில் வாயில்தான் தொடங்கும் என்றும், தோலில் பரவும் முன்பே கண்டுபிடித்தது நல்லது என்றும் மருத்துவர் சொன்னபோது பெரிய பாரம் இறங்கியது. சிகிச்சை தொடங்கி, இப்போது வலியில்லாமல் சாப்பிடுகிறேன். வெட்டிய இடங்கள் தழும்புகூடத் தெரியாமல் ஆறிவிட்டன.

ரிப்போர்ட் வாங்கும்போது ஸ்லைடுகளும், திசுவைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கும் எங்கே, எவ்வளவு காலம் பத்திரமாக இருக்கும் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். வேறொரு நிபுணர் பார்க்க வேண்டி வந்தால், பல சமயம் மறுபடி வெட்டாமல் அவற்றை வைத்தே பார்த்துவிடலாம்.