ஈ.ஆர்.பி.க்கு முன்னால் அடி மிஷின்

கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருளுக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். அதில் ஒன்றான எஸ்ஏபி ஈசிசி 6.0-இன் பிந்தைய பதிப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 டிசம்பரோடு முடிகிறது. கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை இழுக்கலாம். அதை ஓட்டிக்கொண்டிருக்கும் பெரிய கம்பெனிகள் எஸ்ஏபியின் புதிய மென்பொருளான எஸ்4ஹானாவுக்கு மாறியாக வேண்டும். டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலை) ஒன்று, அப்பர் (ஷூவின் மேல்பகுதி) யூனிட்டுக்கு ஒன்று, ஷூ கம்பெனிக்கு ஒன்று என்று தனித்தனி டேலி கோப்புகளில் கணக்கு வைத்திருக்கும் குழுமங்களுக்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் எண்ணம் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் இந்தப் பேச்சு எடுத்தால் சர்வர், கிளவுட், லைசென்ஸ் விலை என்றுதான் தொடங்குகிறது. நான் வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன். முதலில் போய் நிற்க வேண்டியது தோலின் பரப்பைச் சதுர அடியில் அளக்கும் ‘அடி மிஷின்’ பக்கத்தில்.

காரணம் எளியது. தோல் தொழிலில் ஒரே சரக்கு வழியில் பல முறை அலகு மாறுகிறது. மண்டியிலிருந்து உப்புத்தோல் எண்ணிக்கையிலோ கிலோவிலோ வருகிறது. சுண்ணாம்பிலிருந்து எடுத்துச் சதை நீக்கியதும் எடை போடுகிறோம். டிரம்முக்குள் போகும் குரோம் உட்பட எல்லாம் அந்த எடையின் சதவீதம். வெட் ப்ளூவை (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்) ஷேவ் செய்த பிறகு, அதாவது தடிமன் சீராகச் சீவிய பிறகு, மறுபடி எடை. ரீடேனிங் (மறுபதனிடல்), சாயம், ஃபேட்லிக்கர் (தோலை மென்மையாக்கும் எண்ணெய்) எல்லாம் இந்தப் புது எடையின் மேல் கணக்கு. க்ரஸ்ட் (சாயம் ஏறிக் காய்ந்த, மேல்பூச்சுக்கு முந்திய தோல்) ஆன பிறகு கிலோவை யாரும் கேட்பதில்லை, சதுர அடிதான். ஐரோப்பிய வாடிக்கையாளருக்குச் சதுர மீட்டரில் பில் போட வேண்டும். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. நடுவில் ஸ்பிளிட்டிங்கில் ஒரு தோல் இரண்டாகப் பிரிந்து, கிரெய்ன் (மேலடுக்கு) ஒரு வழியும் ஸ்பிளிட் (அடியடுக்கு) ஒரு வழியுமாகப் போகிறது.

பொதுவான மென்பொருள் எதுவும் இப்படி யோசிப்பதில்லை. ஒரு பெட்டிக்கு 12 என்றால் எப்போதும் 12 என்று அது நம்பும். தோலில் ஒரு பீஸ் 18 அடி, அடுத்தது 23 அடி. செயல்படுத்த வரும் ஆலோசகர் சராசரி கேட்பார், யாராவது 20 என்று சொல்வார்கள், அது மாஸ்டரில் (மென்பொருளின் அடிப்படைப் பதிவு) ஏறிவிடும். 500 பீஸ் லாட் (ஒன்றாகப் போகும் தொகுதி) ஒன்றை மென்பொருள் 10,000 அடி என்று காட்டும். மிஷின் 9,640 என்கிறது. அடி 120 ரூபாய் என்று வைத்தால் ஒரே லாட்டில் 43,200 ரூபாய் காற்றில் நிற்கிறது. ஸ்டோர்காரர் அதைச் சரிக்கட்ட ஒரு திருத்தப் பதிவு போடுவார். மூன்று மாதத்தில் அது தினசரி வேலையாகிவிடும். அதன்பிறகு திரையில் தெரியும் இருப்பை மேஸ்திரியும் நம்பமாட்டார், முதலாளியும் நம்பமாட்டார். எல்லோரும் பழைய எக்செல் பக்கம் திரும்பிவிடுவார்கள். பல கோடி செலவழித்த திட்டம் செத்துப்போவது இந்த மாதிரி இடத்தில்தான். சர்வர் விழுந்து யாரும் தோற்பதில்லை.

சரியான வழி இது. உப்புத்தோல், வெட் ப்ளூ, க்ரஸ்ட், ஃபினிஷ்டு என்று ஒவ்வொரு நிலைக்கும் தனி மெட்டீரியல் குறியீடு. ஒவ்வொன்றுக்கும் அந்த நிலையில் முடிவெடுக்க உதவும் அலகே அடிப்படை அலகு. இரண்டாவது அலகை மாற்று விகிதமாக வைக்காதீர்கள். லாட் வாரியாக அளந்த உண்மையான எண்ணாக ஏற்றுங்கள். எஸ்ஏபியில் இதற்கு கேட்ச் வெயிட் (ஒரே சரக்குக்கு இரண்டு அலகு வைக்கும் வசதி) இருக்கிறது, பேட்ச்சுக்கான (லாட்டுக்கு எஸ்ஏபி வைத்த பெயர்) தனி அலகும் இருக்கிறது. வேறு மென்பொருள் வாங்குவதானால் விற்பவரிடம் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்: ஒரு லாட்டுக்கு இரண்டு அளவுகளைத் தனித்தனியே வைத்து, இரண்டையும் இருப்பில் காட்ட முடியுமா? ‘கஸ்டமைஸ் பண்ணித் தருகிறோம்’ என்று பதில் வந்தால் அங்கேயே யோசியுங்கள். இருப்பும் திறந்த ஆர்டர்களும் உள்ள மெட்டீரியலின் அடிப்படை அலகைப் பிறகு மாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். இருப்பைச் சுழியமாக்க வேண்டும், ஆர்டர்களை மூட வேண்டும். ஓடும் டேனரியில் அது நடக்காது.

இனி மிஷின். இரண்டு மிஷின்கள் ஒரே தோலுக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. ஒரே மிஷினும் காலையும் மாலையும் ஒன்றையே தராது, ஏனென்றால் தோல் ஈரத்தை இழுத்து விரியும், காய்ந்தால் சுருங்கும். வேலூரின் மே மாத மதியத்தில் அளந்த க்ரஸ்ட்டும் நவம்பர் மழையில் அளந்ததும் ஒன்றல்ல. தோலின் பரப்பை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 11646 என்றே ஒரு தரநிலை இருக்கிறது. தினசரி வேலைக்கு இவ்வளவு போதும்: ஷிஃப்ட் தொடங்கும்போது பரப்பு தெரிந்த தகடு ஒன்றை மூன்று முறை விட்டுப் பார்த்து, வந்த எண்ணை எழுதி வையுங்கள். அளக்கும் முன் தோலைச் சில மணி நேரம் அந்த அறைக் காற்றிலேயே ஆறவிடுங்கள். குழுமத்துக்குள் டேனரி அளவும் ஷூ யூனிட் அளவும் வேறுபட்டால் யார் எண் நிற்கும் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு, 2 சதவீதம் வரை டேனரி எண் நிற்கும், அதற்கு மேல் போனால் இரு தரப்பும் கூடி மறுபடி அளப்பது. இந்த முடிவை மென்பொருள் எடுக்காது. மேலிடம்தான் எடுக்க வேண்டும். என் பார்வையில் தொழில்நுட்ப உத்தி என்றால் முதலில் இதுதான்.

எலக்ட்ரானிக் மிஷின்கள் பலவற்றில் சீரியல் போர்ட் இருக்கும். சின்ன மாற்றிப் பெட்டி ஒன்றை வைத்து அதைக் கம்பெனி நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பீஸின் அடியும் நேராக லாட்டில் விழும். தாளில் எழுதி, மாலையில் டைப் அடிக்கும் வேலை போய்விடும். இதில் கோளாறு வருவது கம்பியில் அல்ல, லாட் மாறும் நேரத்தில். நடுவில் கரண்ட் போய் வந்தால் கவுன்ட்டர் சுழியத்திலிருந்து தொடங்கும், அல்லது ஆள் மறந்து அடுத்த லாட்டின் தோலையும் இதிலேயே விட்டுவிடுவார். அதனால் லாட்டை மூடும்போது எண்ணிக்கையைச் சரிபார்க்கும்படி வையுங்கள். 200 பீஸ் வர வேண்டிய லாட்டில் 197 எண்கள்தான் இருந்தால் லாட் மூடக் கூடாது. இந்த ஒரு பூட்டு, மாதக் கடைசிச் சண்டையில் பாதியைக் குறைக்கும்.

அடுத்து சப்ளையர் பட்டியல். இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இது. ஒரே மண்டிக்காரர் பழைய பதிவில் ‘வட ஆற்காடு’, இன்னொன்றில் ‘வேலூர்’, 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பத்தூர் அல்லது ராணிப்பேட்டை. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, மேல்விஷாரமும் ஆற்காடும் ராணிப்பேட்டைக்கு, பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கியது. ஊர்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கோவை. முகமது என்ற பெயருக்கோ அரை டஜன். பெயரையும் முகவரியையும் வைத்து இரட்டைப் பதிவுகளைப் பிடிக்கவே முடியாது. ஜிஎஸ்டி எண்ணில் உள்ள 15 எழுத்துகளில் 3 முதல் 12 வரை பான் எண். அந்தப் பத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள். பதிவு பெறாத சிறு வியாபாரிகளுக்கு வங்கிக் கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும்.

நமக்குத் தோல் விற்பவரே நம்மிடம் ஸ்பிளிட் வாங்கிப் போவதும் இங்கே சாதாரணம். பழைய எஸ்ஏபியில் அவர் சப்ளையராக ஒருமுறையும் வாடிக்கையாளராக ஒருமுறையும் இருப்பார். எஸ்4ஹானாவில் இரண்டும் பிசினஸ் பார்ட்னர் என்ற ஒரே பதிவுக்குள் வந்தாக வேண்டும். இந்தச் சுத்தப்படுத்தலை மாற்றத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். வெளி ஆட்களிடம் விடாதீர்கள். எந்த ரஹ்மான் எந்தத் தெரு என்று கொள்முதல் பிரிவில் இருபது வருடமாக இருப்பவருக்குத்தான் தெரியும். அப்படியே உத்யம் பதிவு எண்ணுக்கும் ஒரு புலம் வையுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டிய கணக்கு அதை நம்பித்தான் ஓடும்.

ஜாப் ஒர்க்கை, அதாவது சரக்கை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவதை, பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஷேவிங்குக்கு ஒரு இடம், ஃபினிஷிங்குக்கு ஒரு இடம், அப்பர் கைத்தையலுக்கு ஆம்பூரைச் சுற்றிய கிராமங்கள் என்று சரக்கு வெளியே சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவோ அங்கிருந்தே விற்கப்படவோ வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு, வரியும் வட்டியும் வரும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால், இந்தச் சரக்குக் கணக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இதில் மென்பொருள் திணறும் இடம் மறுபடியும் அலகுதான்: சலான் (சரக்கோடு போகும் சீட்டு) பீஸில் போகும், சரக்கு அடியில் திரும்பும், மீதித் துண்டுகள் கிலோவில் வரும் அல்லது வராமலே போகும். ஒவ்வொரு ஜாப் ஒர்க்கரையும் தனி இருப்பிடமாக வைத்து, சலானில் பீஸ், அடி இரண்டையும் கட்டாயமாக்குங்கள். கழிவுக்கு எதிர்பார்க்கும் சதவீதத்தை முன்பே ஏற்றுங்கள். 300 நாளைத் தாண்டிய சலான்களின் பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தானாக மேலாளருக்குப் போகட்டும். கட்டிங் டை, அச்சு போன்றவற்றுக்கு அந்தக் காலக்கெடு இல்லை. ஆனாலும் அவற்றையும் பதிவில் வையுங்கள், ஏனென்றால் டை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆர்டர் நிற்பது உண்டு.

லாட் தடம் பிடிப்பதில் ஆசை அளவோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு தோலுக்கும் ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் படிக்கும் சில்லு) என்று விற்க வருவார்கள். டிரம்முக்குள் அமிலமும் உருட்டலும். வெளியே வந்தாலும் ஈரத்தோல் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். க்ரஸ்ட் வரை லாட் அளவில் தடம் போதும், டிராலியில் நீர் புகாத ஓர் அட்டையும் பார்கோடும் போதும். ஆனால் லாட்டோடு எந்த டிரம், எந்தத் தேதி, எந்த ஃபேட்லிக்கர் பேட்ச் என்ற மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 (குரோமியத்தின் நச்சு வடிவம்), ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு ஜோடி ஷூ அந்தச் சோதனையில் தோற்றால், அதே ஃபேட்லிக்கரில் ஊறிய மற்ற லாட்டுகள் எந்தப் பெட்டிகளில் போயின என்று அன்றே பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் முழு ஆர்டரையும் திருப்பி எடுக்க நேரும்.

கழிவுநீர் மீட்டரையும் இதோடு சேர்த்துவிடுங்கள். டேனரி மாசு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பாலாற்றங்கரையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கும் பணம் பெரிய செலவு. பெரும்பாலும் அது மாதக் கடைசியில் மொத்தத் தொகையாகக் கணக்கில் ஏறுகிறது. லாட் எடைப்படி பிரித்தால்தான் எந்தத் தோலில் உண்மையில் லாபம் என்று தெரியும். எல்டபிள்யூஜி (லெதர் ஒர்க்கிங் குரூப்) சுற்றுச்சூழல் தணிக்கைக்கும் சதுர மீட்டருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்ற எண் தேவை.

ஷூ பக்கம் ஒன்றே ஒன்று. ஒரு ஸ்டைல், 4 நிறம், 12 சைஸ் என்றால் 48 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி பொருள் பட்டியல் (எந்தப் பொருள் எவ்வளவு) எழுதினால் அதைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். நடு சைஸுக்கு ஒரு பட்டியல், மற்றவற்றுக்கு சைஸ் வாரியான பெருக்கல் எண், அவ்வளவே.

எதை மாற்றி எழுதுவது, எதை மென்பொருள் சொன்னபடி ஏற்பது? எல்லாப் பிரிவும் எங்கள் வேலை தனி என்றுதான் சொல்லும். வாடிக்கையாளர் அந்தத் தனித்தன்மைக்குப் பணம் தருகிறாரா என்று கேளுங்கள். ரெசிபி (டிரம்மில் சேர்க்கும் ரசாயன அளவுகள்), செலக்‌ஷன் (தரம் பிரித்தல்), கட்டிங் அலவன்ஸ் (வெட்டும்போது கழிவுக்கு விடும் அளவு) ஆகியவற்றுக்குத் தருகிறார். லீவு அனுமதிக்கும் பில் பாஸ் செய்யும் முறைக்கும் தருவதில்லை.

கடைசியாக, புதிய மென்பொருளுக்கு மாறும் நாள் குறிப்பது. ஏப்ரல் 1 கணக்குக்கு அழகாக இருக்கும், ஆனால் அன்று கணக்குப் பிரிவு முழுவதும் ஆண்டு முடிவில் மூழ்கியிருக்கும். பக்ரீத்தை ஒட்டிய வாரங்களில் தோல் குவியும். அது ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், திட்டமிடும்போதே பார்த்துவிடுங்கள். பொங்கலுக்கு ஆள் இருக்காது. ரமலானில் மாலைப் பயிற்சி வகுப்பும் வெள்ளிக்கிழமை மதிய வகுப்பும் வைக்காதீர்கள். இவற்றைக் கழித்தால் ஆண்டில் நான்கைந்து வார இறுதிகள்தான் மிஞ்சும்.

அந்த வார இறுதிக்கு நான்கு நாள் முன்பே புதிய லாட்டுகள் டிரம்முக்குள் போவதை நிறுத்துங்கள். ஊறலில் உள்ளதை யாரும் எண்ண முடியாது. ஜாப் ஒர்க் இடங்களுக்கு ஆள் அனுப்பி நேரில் எண்ணுங்கள், தொலைபேசியில் கேட்ட எண்ணை ஏற்ற வேண்டாம். இன்வாய்ஸ் எண்ணுக்குப் புதிய முன்னொட்டு வேண்டும். மொத்தம் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதே நிதியாண்டில் பழைய எண் திரும்ப வரக் கூடாது. இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும் என்பதால், முதல் நாள் பில்களை அன்று மாலையே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும்.

பழைய எக்செல் கோப்புகளை அழிக்காதீர்கள். எழுத முடியாதபடி பூட்டி, படிக்க மட்டும் திறந்து வையுங்கள். முதல் மூன்று மாத முடிவுகளிலும் குடோனில் இருபது லாட்டுகளை எடுத்துப் பீஸையும் அடியையும் திரையோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் திருத்தப் பதிவு போடும் முன், அந்த லாட் எந்த ஷிஃப்டில் எந்த மிஷினில் அளக்கப்பட்டது என்று அங்கே போய்க் கேளுங்கள்.