பசை இல்லாமல் நிற்க வேண்டிய விளக்கு: மூன்றாவது பெட்டி வரை

படம் வரையப் படிக்கிறவன் நான். ரெசிஸ்டர் மேலிருக்கும் வண்ணக் கோடுகள் அழகாக இருக்கும் என்பதைத் தாண்டி எலக்ட்ரானிக்ஸ் எதுவும் தெரியாமல்தான் இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். ஆறு வாரம் ஆகிறது. நான் எடுத்துக்கொண்டது, தொட்டால் மெதுவாக எரிந்து மெதுவாக அணைகிற ஒரு மேசை விளக்கு. கூடு 3 மி.மீ. பிளைவுட். லேசரில் வெட்டி, பசையும் ஆணியும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்தே நிற்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

முதல் பெட்டி கையில் தூக்கியதுமே பிரிந்து விழுந்தது. பலகை 3 மி.மீ., அதைச் செருக வரைந்த காடியும் (பிளவு) 3 மி.மீ., பிறகென்ன என்றிருந்தேன். லேசர் போகிற வழியில் மரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். எங்கள் இயந்திரத்தில் அது சுமார் 0.15 மி.மீ., ஆகவே காடி அந்த அளவுக்கு அகன்றுவிட்டது. சரி என்று எல்லாக் காடியையும் 2.85 ஆக்கி இரண்டாவது பெட்டி வெட்டினால் அதுவும் ஆடியது, ஏனென்றால் 3 மி.மீ. என்று பெயர் போட்டு வந்த அந்தப் பலகை வெர்னியர் அளவுகோலில் 2.9 தான்! அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சீப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு, அதில் 2.6 முதல் 3.1 வரை 0.05 இடைவெளியில் பதினோரு காடிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் அளவு. அதே பலகையின் ஓரத்தில் வெட்டி, ஒரு துண்டுப் பலகையை ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்தேன். 2.8-இல் வழுக்கிக்கொண்டு போனது, 2.7-இல் உள்ளேயே போகவில்லை, 2.75-இல் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்தது. மூன்றாவது பெட்டி அந்த அளவில்தான். தலைகீழாகப் பிடித்து உலுக்கியும் பார்த்தாயிற்று, அசையவில்லை. புதுப் பலகை எடுக்கும்போதெல்லாம் இந்தச் சீப்பைத் திரும்ப வெட்டியாக வேண்டும், சலிப்பான வேலைதான்.

உள்ளே 24 எல்இடி உள்ள பட்டையும், அதை இயக்க ஆர்டுயினோ ஊனோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டு போர்டும். (ஆர்டுயினோவே 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில், வடிவமைப்பு மாணவர்கள் பயன்படுத்தட்டும் என்று உருவானதுதான். அது தெரிந்த பிறகு என் கூச்சம் கொஞ்சம் குறைந்தது.) பத்து விளக்கு வரை ஒழுங்காக எரிந்தது, மொத்தத்தையும் வெள்ளையில் போட்டதும் போர்டு அணைந்து அணைந்து எழுந்தது. முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 24-க்கு 1440, போர்டின் யூஎஸ்பி வழியில் இருக்கிற ஃபியூஸோ 500-க்கானது. தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தேன். கொடுத்ததும் விளக்குகள் பேய் பிடித்த மாதிரி கண்டபடி மின்னின. அடாப்டரின் கிரவுண்டையும் (மின்னோட்டம் திரும்பும் முனை) ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்க்க மறந்திருந்தேன். ஒரே ஒரு கம்பி, அதைத் தேடி ஒரு முழு மாலை போனது.

தொடு உணர்வுதான் நிஜமான தலைவலி. செப்புப் பட்டையை இலை வடிவத்தில் வெட்டி ஒட்டி, ஆர்டுயினோவின் இரண்டு பின்னுக்கு (கம்பி செருகும் முனை) நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டேன். ஆர்டுயினோவைச் செருகிய மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்போது, இலையைத் தொட்டால் ஆர்டுயினோ தரும் எண் 900-ஐத் தாண்டியது, தொடாதபோது 60. விளக்கு எரிய வேண்டிய எல்லையை 400 என்று வைத்து நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் சார்ஜர் இல்லாமல் எடுத்துக் காட்டினால், எவ்வளவு தடவினாலும் விளக்கு எரியவில்லை. சார்ஜர் வழியாகக் கிடைத்த எர்த் தொடர்பு போனதும் அளவு சரிந்துவிட்டது. அப்படியானால் அடாப்டரில் தனியாக ஓடும்போது எவ்வளவு வரும்? கணினியைச் செருகிப் பார்த்தால் அளவே மாறிவிடுமே. கடைசியில் எண்ணை எல்இடிகளிலேயே காட்டச் சொன்னேன், ஒரு விளக்குக்கு 20 என்று கணக்கு. தொடாதபோது இரண்டு எரிந்தன, தொட்டால் பதின்மூன்று. எல்லையை 150-க்கு இறக்கினேன், இப்போது பத்துக்கு ஒன்பது தடவை கேட்கிறது.

அடுத்து அந்த இலையைப் பலகைக்குப் பின்னால் ஒளித்து, மரத்தைத் தொட்டாலே எரிகிற மாதிரி செய்ய ஆசை. நேற்று சும்மா பிடித்துப் பார்த்ததில் நான்கு விளக்குதான் வந்தது. இலையைப் பெரிதாக வெட்டிப் பார்க்க வேண்டும்.