ஆமோஸின் எச்சரிக்கை யாருக்கு?

வேதாகமத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 9 அதிகாரங்கள், 146 வசனங்கள். சத்தமாக வாசித்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே இருப்பில் வாசிப்பதுதான் நல்லது. ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்தால், யாரைப் பார்த்துச் சொன்னது என்பது தவறிப்போகும்.

தொடக்கத்தில் தமஸ்கு, காத்சா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அயலாரின் பாதகங்கள் வரிசையாக வரும். கேட்கிற இஸ்ரவேலனுக்கு ஆமென் சொல்லத் தோன்றும். ஏழாவது யூதா. எட்டாவது அடி அவன் தலையிலேயே விழுகிறது. அயலார்மேல் பெரும்பாலும் போர்க்கொடுமையும் ஆள் கடத்தலும். இவன்மேலோ, எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்ற குற்றம்.

அது எப்படி நடந்தது என்பதை 8:4-6 காட்டும். தானியம் அளக்கிற மரக்கால் சிறியது. விலையாகத் தரும் வெள்ளியை நிறுக்கிற சேக்கல் கல் கனமானது. ஆக, வாங்குகிறவனுக்கு ஒரே பேரத்தில் இரண்டு நட்டம். தானியத்தோடு பதரும் சேரும். கடைசியில் அவன் ஆளே விலைக்குப் போவான். தேயிலைத் தோட்டத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொழுந்தில் கிலோக் கழித்து, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டாம்.

தண்டனையும் குற்றத்தின் அளவுக்கே வெட்டப்பட்டது. எளியவனிடம் தானியம் பறித்துப் பொழிந்த கல்லால் வீடு கட்டினார்கள். அதில் குடியிருக்கமாட்டார்கள் (5:11). எடுத்த எடுப்பில் வந்ததுமல்ல. நாலாம் அதிகாரத்தில் பஞ்சம், மழையின்மை, பயிர்நோய், கொள்ளைநோய், சோதோமைப் போன்ற கவிழ்ப்பு என ஐந்து முறை எச்சரிப்பு. ஐந்து முறையும் அவர்கள் திரும்பவில்லை. ஏழாம் அதிகாரத்தில் தரிசனமாகக் காட்டப்பட்ட வெட்டுக்கிளியும் அக்கினியும் ஆமோஸின் மன்றாட்டால் நின்றன. சுவரின் நேர் பார்க்கிற தூக்குநூல் காட்டப்பட்டபின் மன்றாட்டே இல்லை. கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்தது.

இலங்கை மலையகத்தில் மண் சரிந்தால், 'பாவத்தின் சம்பளம்' என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்துப் பிரசங்கிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் புதைந்தவர்கள் தராசு பிடித்தவர்கள் அல்ல. அந்தச் சரிவு அபாயமானது என்ற எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆமோஸை எடுத்துப் பேசுவதென்றால், அதைக் கேட்டும் கிடப்பில் போட்டவர்களைப் பார்த்துப் பேச வேண்டும். தந்தக் கட்டிலில் படுத்தவர்களைத்தான் (6:4) அவர் கண்டித்தார். அவர்களால் நசுக்கப்பட்டவர்களை அல்ல.

திராட்சத்தோட்டம் நாட்டி அதன் ரசத்தைக் குடிப்பார்கள் என்ற ஆசீர்வாதம் 9:14இல் உண்டு. நாட்டியும் குடிக்கமாட்டார்கள் என்ற 5:11க்கு அதுதான் மறுபக்கம். 9:14ஐ வாக்குத்தத்த வசன அட்டையில் அச்சடிக்கிறவர்கள் 5:11ஐயும் பக்கத்திலேயே போடலாம். அட்டையில் இடம் இருக்கும்.