ஏழு டிராயர், நாலு சக்கரம்

மார்ச் 2
இந்தப் பழைய இரும்புக் கருவிப் பெட்டியின் ஏழு டிராயரில் மூன்றுதான் திறக்கின்றன. நான்காவதை இழுத்தால் பெட்டியே கூட வருகிறது, அதுவும் சக்கரம் சுழலாமல் தரையைக் கீறிக்கொண்டு. ஆனாலும் தகடு நல்ல கனம். இதைத் தூக்கிப்போட மனம் வராது. கழற்றுமுன் ஒவ்வொரு டிராயரின் பின்னாலும் எண் எழுதினேன். பார்க்க ஒரே அளவுதான், இடம் மாறினால் ஒன்றும் சரியாக மூடாது.

மார்ச் 5
பழைய பெயின்ட் என்பதால் ஈயச் சோதனைக் குச்சியால் தேய்த்துப் பார்த்தேன். நுனி சிவந்துவிட்டது, ஈயம் இருக்கிறது. ஆக, கிரைண்டரும் கிடையாது, காய்ந்த உப்புத்தாளும் கிடையாது. அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது. பெயின்டை இளக்கும் ஜெல் ரிமூவர் தடவி ஊறவிட்டுச் சுரண்ட வேண்டியதுதான். மிச்சத்தை ஈரத்தோடு தேய்க்கலாம். பொறுமையைச் சோதிக்கிற வேலை.

மார்ச் 8
இன்று செய்தது முட்டாள்தனம். துருப்பிடித்த கைப்பிடி போல்ட்டுகளோடு நன்றாக இருந்த துத்தநாக முலாம் திருகுகளையும் சேர்த்து இரவு முழுக்க வினிகரில் போட்டுவிட்டேன். காலையில் துரு போயிருந்தது, முலாமும் போயிருந்தது. அமிலத்துக்கு முதலில் கரைவது துத்தநாகம்தான் என்பது தெரிந்த விஷயம். தூக்கக் கலக்கத்தில் தெரியவில்லை.

மார்ச் 9
டிராயர்கள் ஓடும் தண்டவாளங்களின் துருவை நீக்க மின்முறை. வாளித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகம் நெகட்டிவில், வேண்டாத இரும்புத் துண்டு பாசிட்டிவில். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழ் வருமென்பதால் வாளி வெளியில்தான். மாலையில் எடுத்துக் கழுவினால் கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. துடைத்து, காயவைத்து, உடனே எண்ணெய். கொஞ்சம் தாமதித்தாலும் ஆரஞ்சு நிறம் திரும்பிவிடும்.

மார்ச் 15
பழைய தண்டவாளங்களுக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த பால் பேரிங் ஸ்லைடுகள் பொருந்தவில்லை. அவற்றுக்குப் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர் இடம் வேண்டும், இங்கே இருப்பது 5. டிராயரை வெட்டிக் குறுக்கலாம்தான். அப்புறம் இது அந்தப் பெட்டியாகவே இருக்காது. அளக்காமல் வாங்கிய என் தவறு. பழைய தண்டவாளத்தையே நேராக்கி, கிரீஸுக்குப் பதில் மெழுகு தேய்த்தேன். கிரீஸில் இரும்புத் துகள் ஒட்டும்.

மார்ச் 22
பிரைமர், இரண்டு கோட் பெயின்ட். ஒரு கொசு ஒட்டிக்கொண்டது. இருக்கட்டும்.

மார்ச் 29
சக்கரம். இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். பெட்டி 60 கிலோ, கருவிகள் ஏறத்தாழ 180. மொத்தத்தை நாலால் வகுக்காமல் மூன்றால் வகுத்தேன். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் எப்படியும் அந்தரத்தில் நிற்கும், பாரம் மற்ற மூன்றின் மேல். 80 வந்தது, 100 கிலோ தாங்குவதாக எடுத்தேன். இரண்டு திரும்புபவை, பிரேக்கோடு, இரண்டு நிலையானவை. அடித்தகடு கிழியாமலிருக்க உள்ளே குறுக்கே ஒரு பட்டை வைத்து போல்ட் முடுக்கினேன். ஒற்றைக் கையால் தள்ளினேன், போய்விட்டது! புது ஸ்லைடு கிடைத்திருந்தாலும் இந்தச் சந்தோஷம் வந்திருக்காது.

ஏப்ரல் 6
கருவிகளை அடுக்கினேன். மேல் டிராயர்கள் இரண்டை ஒரே நேரத்தில் திறந்ததும் பெட்டி என் பக்கம் சாய்ந்தது. நெஞ்சால் முட்டுக் கொடுத்தேன். சாக்கெட் செட்டும் சுத்தியல்களும் கீழ்த்தட்டுக்கு இறங்கின. நான்காவது டிராயர் மட்டும் கடைசி அரை அங்குலத்துக்கு இன்னும் இடுப்பால் ஒரு இடி கேட்கிறது.